பனிக்கட்டிப் பூ தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்காலம் தொடங்கும்போது சில காட்டுச் செடிகளின் அடித்தண்டு பிளந்து, வெள்ளை நாடா போல மெல்லிய பனிக்கட்டி சுருண்டு சுருண்டு வெளியே வரும். இதுதான் பனிக்கட்டிப் பூ. அமெரிக்காவின் டெக்சாஸ், மிசௌரி பகுதிகளில் வளரும் ஃப்ராஸ்ட்வீட் என்ற செடி இதற்குப் பேர்போனது. ஜப்பானில் ஷிமோபஷிரா என்ற செடியிலும் இதைப் பார்க்கலாம்.

பலரும் இதைப் புல்மேல் படியும் உறைபனி என்றே நினைத்துவிடுகிறார்கள். உறைபனி காற்றிலுள்ள ஈரத்தால் உண்டாவது. இந்தப் பனிக்கட்டிக்கோ தண்ணீர் மண்ணிலிருந்து வருகிறது. மேலே காற்று உறைநிலைக்குக் கீழே போயிருக்கும், கீழே மண் இன்னும் உறையாமல் ஈரமாக இருக்கும். வேர் வழியாக ஏறும் நீர் தண்டின் ஓரத்துக்கு வந்ததும் உறைகிறது. பின்னால் வரும் நீரும் அதே இடத்தில் உறைந்து, முன்பு உறைந்ததை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. நாடா நீள்வது இப்படித்தான்.

இது புரிந்தால் அடுத்த தவறைச் செய்ய மாட்டீர்கள். கடுங்குளிர் வரட்டும் என்று நடுக்குளிர்காலம் வரை காத்திருப்பதுதான் அது. மண்ணே உறைந்துபோனால் நீர் ஏறாது. தண்டும் சில முறை பிளந்ததும் நார்நாராகிவிடும், பிறகு அதில் ஒன்றும் வராது. பருவத்தின் முதல் சில உறைகுளிர் இரவுகளை விடாதீர்கள். மறுநாள் விடிந்ததுமே போய்விடுங்கள், வெயில் பட்டால் கரைந்துவிடும். கிளைகளை அண்ணாந்து பார்த்துத் தேட வேண்டாம், தரையை ஒட்டிய தண்டைப் பாருங்கள். ஆசையாகத்தான் இருக்கும், ஆனாலும் தொடாதீர்கள். விரல் பட்டதும் உடைந்துவிடும், அடுத்து வருபவருக்குப் பார்க்க எதுவும் இருக்காது.

பட்டுப்போன மரக்கட்டையில் முடி முடியாகத் தெரியும் பனியையும் இதோடு சேர்த்துவிடக் கூடாது. அது ஒரு பூஞ்சையின் வேலை. கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன ஆல்ஃபிரெட் வெகனர் 1918-லேயே பூஞ்சையைச் சந்தேகித்தார். எக்சிடியாப்சிஸ் எஃபூசா என்ற பூஞ்சைதான் அது என்று 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொரு தவறு. தோட்டத்தில் ஃப்ராஸ்ட்வீட் வைத்திருப்பவர்கள், செடி பூத்து முடிந்ததுமே தண்டைத் தரையோடு வெட்டிவிடுகிறார்கள். தண்டு போனால் பனிக்கட்டிப் பூவும் போச்சு. தண்டு பிளப்பதால் செடி செத்துவிடாது. அது பல ஆண்டு வாழும் செடி, வசந்தத்தில் வேரிலிருந்து புதிதாகத் துளிர்க்கும். பழைய தண்டை அதற்குச் சற்று முன்பு வெட்டினால் போதும்.