விதைப்பை வலி: ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்று படுத்துவிடாதீர்கள்

ராத்திரி 2 மணி. பத்தாம் வகுப்பு படிக்கும் பையன் தூக்கம் கலைந்து எழுந்து, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறான். ஒரு தடவை வாந்தியும் எடுத்துவிட்டான். “என்னடா பண்ணுது?” என்று அம்மா கேட்டால், “வயிறு வலிக்குதும்மா” என்கிறான். பழி ராத்திரி தின்ற பரோட்டா மேல் விழுகிறது. ஓமத் தண்ணீர், பெருங்காயம் போட்ட மோர், தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் எல்லாம் வரிசையாக வருகின்றன. “காலையில கிளினிக் திறந்ததும் கூட்டிட்டுப் போறேன்” என்கிறார் அப்பா. பையனுக்கு வயிற்றை விட அதிகமாக வலிப்பது இடது விதை. அதை அம்மாவிடம் எந்தச் சொல்லால் சொல்வது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

ஆண்பிள்ளைகளிடம் இந்த உறுப்புக்கு ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது, அது நண்பர்களோடு பேச. பாடப் புத்தகத்தில் ‘விந்தகம்’ என்று ஒன்று இருக்கிறது, அது பரீட்சை எழுத. வீட்டில் கூச்சமில்லாமல் சொல்ல ஒன்றும் கிடையாது. அதனால் ‘கீழே’, ‘அந்த இடம்’, கடைசியில் ‘வயிறு’ என்று வலி இடம் மாறிப் போய்விடுகிறது. விதை, விதைப்பை என்று கை கால் மாதிரி சாதாரணமாகச் சொல்ல வீட்டில் பழக்கியிருந்தால், அந்த ராத்திரியில் சில மணி நேரம் மிச்சமாகும். அந்தச் சில மணி நேரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு வருகிறேன்.

பையன் முழுப் பொய் சொல்லவும் இல்லை. கருவில் இருக்கும்போது விதைகள் உருவாவது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில், வயிற்றுக்குள்ளே. பிறப்பதற்குச் சற்று முன்புதான் கீழே பைக்குள் இறங்குகின்றன. இறங்கும்போது தங்கள் ரத்தக் குழாயையும் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகின்றன. அதனால்தான் விதையில் வலி வந்தால் அடிவயிறு வலிக்கும், குமட்டும். சிறுநீரகக் கல் குழாயில் இறங்கும்போது விலாவில் கிளம்பும் வலி விதை வரை பாய்வதும் இதனால்தான். எனவே வளர்ந்த பையன் திடீரென்று அடிவயிற்று வலி என்றால், “விதையில வலிக்குதா, வீங்கியிருக்கா?” என்று பெற்றோர் நேராகக் கேட்டுவிட வேண்டும்.

விதை ஒரு கொடியில் தொங்குகிறது. ரத்தம் போகும் குழாயும் திரும்பும் குழாயும் அந்தக் கொடிக்குள்ளேதான். சிலருக்கு விதை பையோடு சரியாக ஒட்டாமல், மணிக்குள் நாக்கு ஆடுவது போலத் தளர்வாக இருக்கும். பிறவியிலேயே அப்படி. அவர்களுக்கு ஒருநாள், தூக்கத்தில்கூட, ஊஞ்சல் கயிறு முறுக்கிக்கொள்வது மாதிரி கொடி முறுக்கிக்கொள்ளும். டாக்டர்கள் இதை டார்ஷன் என்பார்கள், தமிழில் விதை முறுக்கம். முதலில் திரும்பும் ரத்தம் அடைபட்டு விதை வீங்கும். பிறகு உள்ளே வரும் ரத்தமும் நிற்கும். வலி தொடங்கி சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து முறுக்கைப் பிரித்துவிட்டால் பத்தில் ஒன்பது விதைகளாவது பிழைத்துக்கொள்ளும். 12 மணி நேரம் ஆனால் பாதிக்குப் பாதிதான். 24 மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியதுதான். ராத்திரி 2 மணிக்கு வந்த வலிக்குக் காலை 10 மணிக்குக் கிளினிக் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

12 முதல் 18 வயதுப் பையன்களுக்கு இது அதிகம். பிறந்த குழந்தைக்கும் வரும், முப்பது வயதுக்காரருக்கும் வரும். ‘எனக்கு வயசாயிடுச்சு, அது வராது’ என்று நினைக்க வேண்டாம்.

அடுத்து நம் ஊரின் செல்ல நோயான ‘சூடு’. விதையில் வலி என்று தைரியமாகச் சொன்னாலும் உடனே கிடைக்கும் பதில், “உடம்பு சூடா இருக்கு, அதான்.” கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு, தலைக்கு நல்லெண்ணெய், ஒரு இளநீர். எனக்கு இளநீர் மேல் கோபம் எதுவும் இல்லை. ஆனால் முறுக்கிய கொடியைக் குளிர்ச்சி பிரித்துவிடாது. அதோடு, மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கலாம் என்பதால் அந்த நேரத்தில் எதையும் சாப்பிடாமல், குடிக்காமல் போவதுதான் நல்லது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, சுயஇன்பத்தால் வந்த தண்டனை என்று பையன் தனக்குள்ளேயே தீர்ப்பு எழுதிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருப்பது. சுயஇன்பத்தால் விதை கெடாது. லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்து லேகியம் விற்றவர்கள் பல தலைமுறைக்கு ஏற்றிவிட்ட பயம் இது. நீண்ட நேரம் கிளர்ச்சியில் இருந்தால் விதை கனத்து லேசாக வலிப்பது உண்டு, அது சீக்கிரம் தானாக அடங்கிவிடும். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அந்த வகை இல்லை.

வலி நின்றுவிட்டால் பிழைத்தோம் என்று நினைப்பதும் தவறு. சிலருக்குக் கொடி முறுக்கி, தானே பிரிந்துகொள்ளும். பத்து நிமிஷம் உயிர் போகிற வலி, அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். இது இரண்டு மூன்று தடவை வந்துபோனால், அடுத்த தடவை பிரியாமல் போகலாம் என்று அர்த்தம். வலி இல்லாத நாளிலேயே சர்ஜனைப் பார்த்துச் சொன்னால், விதையைப் பையோடு தைத்து நிறுத்திவிடுவார். இன்னொரு வகை நிற்பதும் உண்டு. பல மணி நேரம் துடித்த பிறகு வலி குறைவது, விதை செத்துவிட்டதால்கூட இருக்கலாம்.

மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை கேட்டு வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். விதைப்பை வலி எல்லாமே முறுக்கம் இல்லை. விதைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சுருள் குழாயில் கிருமி தொற்றினாலும் வலிக்கும். இது பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் மெல்ல ஏறும் வலி. காய்ச்சல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் கூட இருக்கலாம். இளைஞர்களுக்குப் பெரும்பாலும் உடலுறவில் தொற்றும் கிருமி, வயதானவர்களுக்குச் சிறுநீர்ப் பாதையிலிருந்து இறங்கும் கிருமி. சிறுநீர்ப் பரிசோதனை செய்து, சரியான ஆன்டிபயாட்டிக்கைச் சொன்ன நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். உடலுறவுத் தொற்று என்றால் துணைக்கும் சிகிச்சை வேண்டும். கவுன்டரில் நின்று ‘அஞ்சு மாத்திரை குடுங்க’ என்று வாங்கினால் அரைகுறையாக அடங்கி மறுபடி கிளம்பும்.

சரி, இது தொற்றா முறுக்கமா என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடிக்க வேண்டாம். விதையைத் தூக்கிப் பிடித்தால் வலி குறைகிறதா என்று பார்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். டாக்டர்களே அதை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதில்லை. திடீரென்று வந்த கடும் வலி, வாந்தி, ஒரு விதை மேலே ஏறியோ குறுக்காகவோ நிற்பது என்றால் முறுக்கம்தான் என்று எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். எங்கே? ஸ்கேன் சென்டருக்கு இல்லை. ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்து ரிப்போர்ட்டோடு டாக்டரைத் தேடுவது என்பது நேரத்தைக் கரைக்கும் வழி. 24 மணி நேரமும் அறுவை சிகிச்சை செய்யக்கூடிய இடத்துக்கு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை மாதிரி இடத்துக்கு நேராகப் போங்கள். வண்டி இல்லாவிட்டால் 108. சந்தேகம் பலமாக இருந்தால் ஸ்கேனுக்குக் காத்திராமல் திறந்து பார்ப்பதும் உண்டு. திறந்து பார்த்து முறுக்கம் இல்லை என்று தெரிந்தால் நஷ்டம் ஒரு சிறு தழும்புதான்.

கிரிக்கெட் பந்து பட்ட வலி எல்லோருக்கும் தெரிந்ததுதான், கொஞ்ச நேரத்தில் குறைந்துவிடும். ஒரு மணி நேரம் ஆகியும் குறையாவிட்டாலோ, வீங்கி நீலம் பாரித்தாலோ, உள்ளே விதை கிழிந்திருக்கலாம். லேசான அடிக்குப் பிறகு முறுக்கம் வருவதும் உண்டு. ‘பந்து பட்டுச்சு, அதான்’ என்ற காரணம் கையில் கிடைத்துவிட்டதாலேயே தாமதமாவது இங்கேதான்.

புட்டாளம்மை வந்து கன்னம் வீங்கிய சில நாளில், வயதுக்கு வந்த ஆணுக்கு விதையும் வீங்கலாம். வேப்பிலை கட்டி வைத்தது போதும் என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பெரியவர்கள் செய்யும் தவறு வேறு. பல வருஷமாகக் குடலிறக்கம் இருக்கும், இருமினால் இறங்கும், படுத்தால் உள்ளே போகும், அப்படியே பழகிப்போயிருக்கும். ஒருநாள் அது உள்ளே போக மறுத்து, கல்லாகி, வலியும் வாந்தியும் வந்தால் குடல் சிக்கிக்கொண்டது என்று பொருள். அழுத்தித் தள்ளிப் பார்க்காமல் உடனே போக வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு விதைப்பைத் தோல் சிவந்து, கறுத்து, நாற்றம் வந்து, பார்க்கத் தெரிவதை விட வலி பல மடங்கு இருந்தால் அது உயிருக்கே ஆபத்தான அழுகல் நோயாக இருக்கலாம். அங்கேயும் மணிக்கணக்குதான்.

காத்திருக்கக்கூடியவையும் உண்டு. நின்றால் இழுப்பது போல மந்தமாக வலித்து, படுத்தால் சரியாகும் நரம்புச் சுருட்டல் அதிகமும் இடது பக்கம்தான் வரும். நீர் கோத்துப் பை பெருக்கும் ஓதம் பொதுவாக வலிப்பதில்லை. இவற்றுக்கு ராத்திரியில் ஓட வேண்டாம், அந்த வாரத்தில் டாக்டரைப் பாருங்கள்.

வலிக்காதது ஒன்றுமில்லை என்று நினைப்பதும் பிழை. விதைப் புற்றுநோய் பெரும்பாலும் வலியில்லாத ஒரு கெட்டியான கட்டியாகத்தான் தொடங்கும், அதுவும் இளம் வயதில். சீக்கிரம் கண்டுபிடித்தால் நன்றாகக் குணமாகும் புற்றுநோய்களில் அது ஒன்று. வெந்நீரில் குளித்த பிறகு எப்போதாவது உருட்டிப் பாருங்கள். ஒன்று சற்றுக் கீழே தொங்குவது இயல்புதான். கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் காட்டிவிடுங்கள்.

ஒரு விதையை எடுக்க நேர்ந்தாலும் மற்றது நன்றாக இருந்தால் மீசை தாடிக்கும், தாம்பத்தியத்துக்கும் குறை வராது, பெரும்பாலும் குழந்தைக்கும்தான். அந்த மற்றதும் முறுக்காமல் இருக்க அதையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். இதை அவனுக்கு டாக்டரே எடுத்துச் சொன்னால் நல்லது, ஏனென்றால் கல்யாணப் பேச்சு வரும்வரை பையன் இதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பான்.

கேஷுவல்டியில் வரிசையில் நின்று ‘வயித்து வலி’ என்று சொன்னால் வயிற்று வலிக்காரர்களோடுதான் உட்கார வைப்பார்கள். போனதும் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “பையனுக்கு இடது விதையில வலி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சது. ஒரு தடவை வாந்தி. கடைசியா சாப்பிட்டது ஒன்பது மணிக்கு.”