ஷிமோகிட்டசாவாவில் பேண்ட் பார்க்கப் போகிறவர்களுக்கு

டோக்கியோவில் சின்ன இசை அரங்குகளை ‘லைவ் ஹவுஸ்’ என்பார்கள். அந்நகரின் ஷிமோகிட்டசாவா பகுதியில் தெருவுக்குத் தெரு உண்டு. 1991-இல் திறந்த ‘ஷெல்ட்டர்’ என்ற லைவ் ஹவுஸில் 250 பேர் நின்றாலே நெருக்கியடிக்கும்.

டிக்கெட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். கதவு திறந்ததும் அந்த வரிசையில்தான் கூப்பிடுவார்கள். உங்கள் எண் தாண்டியபின் வந்தால் முன்வரிசையை மறந்துவிடலாம். டிக்கெட் விலை போக, 600 யென் அளவில் பானக் கட்டணம் வாசலிலேயே வாங்குவார்கள். சில்லறையாக வைத்திருங்கள். கையில் தரும் டோக்கனைத் தொலைத்தால் பானம் போச்சு.

“எந்த பேண்டைப் பார்க்க வந்தீர்கள்?” என்றும் கேட்பார்கள். ‘சும்மாதான்’ என்று மழுப்பாதீர்கள். பல இடங்களில் ஒவ்வொரு பேண்டும் இத்தனை டிக்கெட் விற்றாக வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. குறைந்தால் மீதியை அவர்களே கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். நீங்கள் சொல்லும் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும், அதற்குத்தான் அந்தக் கேள்வி.

முதுகுப்பையை லாக்கரில் போடுங்கள். பெரும்பாலும் 100 யென் நாணயம்தான் எடுக்கும். மேடையை ஒட்டி நின்றால் டிரம்ஸும் கிட்டார் ஒலிபெருக்கியும் நேராக அடிக்கும், பாடுபவர் குரல் அமுங்கிப்போகும். ஒலியைச் சரிசெய்யும் மிக்சர் மேசைக்குச் சற்று முன்னால் நில்லுங்கள்: அங்கிருக்கும் ஒலியமைப்பாளர் காதுக்குக் கேட்பதுதான் உங்களுக்கும் கேட்கும். காதடைப்பான் கட்டாயம்.