நாய்க்கும் பூனைக்கும் காது கேட்கிறதா என்று பார்ப்பது எப்படி?

நாயின் பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். அதில் பாதி நேரம் சோதிக்கப்படுவது காதே அல்ல. தட்டும்போது கிளம்பும் காற்று முதுகு மயிரில் படும். காலால் தரையைத் தட்டினால் அதிர்வு பாதத்துக்குப் போகும். பக்கத்து நாய் திரும்பினால் இதுவும் திரும்பும். முழுச் செவிடான குட்டிகூட இப்படித் தேறிவிடும்!

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அதன் முகம் தெரிகிற இடத்தில் அசையாமல் உட்கார வேண்டும். இன்னொருவர் கதவு மறைவிலிருந்து சத்தம் எழுப்ப வேண்டும். மற்ற பிராணிகளை வெளியே விடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள்; அது உங்கள் வாசனையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். லேசாகக் கண்ணயர்ந்திருக்கும் நேரம் நல்லது.

மெல்லிய சத்தத்தில் தொடங்குங்கள்: முதலில் பிஸ்கட் கவரின் சரசரப்பு, அடுத்து சாவிக்கொத்து, கடைசியில் எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டு. டம்ளரைக் கையில் தூக்கிப் பிடித்துத் தட்ட வேண்டும், தரையில் வைத்தல்ல. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சத்தம். பிறகு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுப்பினால் மூன்றாவது முறை அது கண்டுகொள்ளாது. காது கேட்கவில்லை என்று தப்பாக எழுதிவிடுவீர்கள். பத்து முறையில் நான்கு முறை சத்தமே எழுப்பாதீர்கள். எந்த நான்கு என்பது பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது. சத்தமில்லாதபோதும் 'அசைந்தது' என்று அவர் குறித்திருந்தால் அன்றைய சோதனை செல்லாது.

தலை திரும்ப வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். காது நுனி துடிப்பது, மூச்சு ஒரு கணம் நிற்பது, ஆடிய வால் நிற்பது எல்லாமே பதில்தான். பூனை பெரும்பாலும் காது மடலை மட்டும் திருப்பிவிட்டுத் தூக்கத்தைத் தொடரும். வயதான நாய்க்குக் கீச்சென்ற சத்தம் முதலில் போகும், கதவு தட்டுவது கேட்கும். வீட்டில் இதற்குப் 'பிடிவாதம்' என்று பெயர்.

குட்டிகளுக்குக் காதுத் துளை திறக்கவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஐந்து வாரத்துக்கு முன் முடிவு கட்டாதீர்கள். வெள்ளை நிறத்தோடு வரும் பிறவிச் செவிட்டில், உள்காது பிறந்த சில வாரங்களில்தான் கெடுகிறது. டால்மேஷன், ராஜபாளையம், நீலக்கண் வெள்ளைப் பூனை இவற்றில் கவனம் தேவை.

ஒரு காது மட்டும் செவிடு என்றால் வீட்டுச் சோதனையில் பிடிபடாது. கூப்பிட்டால் எழுந்துவிடும், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுற்றும். அது ஒரு குறிப்பு, அவ்வளவே. உறுதி செய்வது 'பேயர்' (BAER) சோதனை. தலையில் தோலுக்கடியில் மெல்லிய ஊசி மின்முனைகளைச் செருகி, ஒரு காதுக்குள் 'டிக் டிக்' ஒலி விட்டு, மறு காதை இரைச்சலால் மறைத்து, மூளைத்தண்டின் மின் அலைகளைப் பதிவு செய்வார்கள். கேட்கும் காதில் முதல் 10 மில்லி விநாடிக்குள் வரிசையாக முகடுகள் எழும். செவிட்டுக் காதில் தட்டையான கோடு.

அழுக்கோ சீழோ அடைத்திருந்தாலும் அந்த முகடுகள் மங்கும். ஆகவே முதலில் கால்நடை மருத்துவரிடம் காதைக் காட்டுங்கள். அதுவரை தேங்காய் எண்ணெய் உட்பட எதையும் ஊற்ற வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் சில சொட்டு மருந்துகளே உள்காதைக் கெடுத்துவிடும்.