பழைய குதிரை ரேஸ வீட்டுப் பெரியவங்களோட உக்காந்து பாக்குறது எப்படி

எங்க நைனாவுக்கு வயசு எண்பது தாண்டிடுச்சு. எழுபதுகள்ல காலையில காட்பாடில ரயில் ஏறி, சென்ட்ரல்ல இறங்கி, எதுக்க பார்க் ஸ்டேஷன்ல மின்சார ரயில் புடிச்சு கிண்டிக்குப் போயி ரேஸ் பாத்துட்டு ராத்திரி தான் வூட்டுக்கு வருவாரு, எங்கம்மா அதுக்கு பேசாத பேச்சு இல்ல. 2024 செப்டம்பர்ல கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு சீல் வெச்சாங்கன்னு நியூஸ் வந்த அன்னிக்கு பேப்பர மடிச்சு வெச்சுட்டு வாசல பாத்துகினு உக்காந்துட்டாரு. சாயங்காலம் நான் தான் போன்ல ஒரு பழைய ரேஸ் போட்டுக் காட்டுனேன். அப்புறம் அது ஞாயித்துக்கிழமை வழக்கமாவே ஆயிடுச்சு. ஆரம்பத்துல நான் பண்ண தப்ப நீங்க பண்ண வேணாம்னு தான் இத எழுதுறேன். பணம் கட்டுற பேச்சு இதுல கிடையாது, முடிஞ்சு அம்பது வருஷம் ஆன ஓட்டத்த ரசிக்கறது மட்டும் தான்.

முதல் விஷயம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு ரேஸ். நான் வரிசையா பத்து வீடியோ போட்டேன், மூணாவதுலயே நைனா கண்ண மூடிட்டாரு. எல்லாமே ரெண்டு ரெண்டரை நிமிஷ ஓட்டம் தான், அடுக்கி அடுக்கி பாத்தா எதுவும் மனசுல நிக்காது. அதே போல போன் வேணாம், டிவில போடுங்க, பெரியவங்க கண்ணுக்கு அந்த சின்ன ஸ்க்ரீன்ல எல்லா குதிரையும் ஒண்ணு தான்.

எதுல ஆரம்பிக்கலாம்னா, 1975 ஜூலை 26, இங்கிலாந்துல அஸ்காட் மைதானம், கிங் ஜார்ஜ் ரேஸ், ஒண்ணரை மைல் தூரம். க்ரண்டியும் பஸ்டினோவும் மோதுன ஓட்டம். இத "நூற்றாண்டோட ரேஸ்"னு இன்னிக்கும் சொல்றாங்க, என்னைக் கேட்டா அந்தப் பேரு தகும்.

போடறதுக்கு முன்னாடி கதைய சொல்லிடுங்க, இல்லன்னா பசங்களுக்கு ஒண்ணும் புரியாது. க்ரண்டிக்கு 3 வயசு, அந்த வருஷ டெர்பி, அதாவது 3 வயசு குதிரைங்களுக்கான பெரிய ரேஸ், ஜெயிச்சது, செவலை, மூஞ்சில நெட்டுக்கு வெள்ளைப் பட்டை, பிடரியும் வாலும் வெளுப்பா இருக்கும், கூட்டத்துல பாத்த உடனே கண்டுபுடிச்சுடலாம். மேல உக்காந்து ஓட்டுன ஜாக்கி பேட் எடரி. பஸ்டினோவுக்கு 4 வயசு, அதுக்கு முந்தின வருஷம் செயின்ட் லெஜர்ங்கற நீட்டு ரேஸ ஜெயிச்சது, நீட்டு ஓட்டத்துல மூச்சு வாங்காத குதிரை, மேல ஜோ மெர்சர். வயசு கூடன்னு பஸ்டினோ முதுகுல சுமக்க வேண்டிய எடை 14 பவுண்டு அதிகம், அதாவது ஆறு கிலோவுக்கு மேல. இதுல பஸ்டினோவோட டிரெய்னர் டிக் ஹெர்ன் என்ன யோசிச்சாருன்னா, கடைசில வேகமா பாயறது க்ரண்டியோட பலம், அத மழுங்கடிக்கணும்னா ஆரம்பத்துலேந்தே ஓட்டத்த முறுக்கணும், அதுக்குன்னே ரெண்டு குதிரைய கூட எறக்குனாரு. முதல்ல ஹையஸ்ட்டு முன்னாடி இழுத்துகினு போவும், அது தளந்ததும் கிங்லெட் அந்த இடத்த புடிக்கும், அதுவும் ஓஞ்சதும் பஸ்டினோ தானே முன்னாடி போயிடும், இன்னும் அரை மைல் பாக்கி இருக்கும்போதே.

இப்ப ஓட்டத்த போடுங்க, சத்தத்த அணைச்சுட்டு. வர்ணனை கேட்டா அவங்க சொல்ற குதிரைய தான் கண்ணு தேடும். சத்தம் இல்லாம பாத்தா முன்னாடி ஆள் மாறுறது தானா தெரியும். ரெண்டாவது தடவ சத்தத்தோட, ஆனா பஸ்டினோவ மட்டும். ஜெயிக்கிறது யாருன்னு தெரிஞ்சு போச்சு இல்ல, இனிமே தோக்குற குதிரைய பாக்குறதுல தான் ருசியே இருக்கு. கடைசி பர்லாங்ல, அதாவது கடைசி 200 மீட்டர்ல, க்ரண்டி வந்து ஒட்டிக்கும், தாண்டும், அவ்ளோ தான் முடிஞ்சுதுன்னு நெனைக்கும்போது பஸ்டினோ திரும்ப எட்டிப் புடிக்கப் பாக்கும். அந்த இடத்துல நிறுத்தி ரெண்டு குதிரையோட கழுத்தையும் பாருங்க, எவ்ளோ நீட்டிகினு இருக்குன்னு. அரை லெங்த்ல க்ரண்டி ஜெயிச்சுது. லெங்த்னா ஒரு குதிரையோட மூக்குலேந்து வால் வரைக்கும், ஏறக்குறைய எட்டடி. ஒண்ணரை மைல் ஓடி கடைசில நாலடி வித்தியாசம். மூணாவதா வந்த டாலியா அஞ்சு லெங்த் பின்னாடி, அதுவும் லேசுப்பட்ட குதிரை இல்ல, அதுக்கு முந்தின ரெண்டு வருஷமும் இதே ரேஸ ஜெயிச்சது. பஸ்டினோ அதுக்கப்புறம் ரேஸே ஓடல. இத மூணாவது தடவ போடறதுக்கு முன்னாடி சொல்லுங்க, அதுக்கு முன்னாடி சொல்லாதீங்க.

நேரம் 2 நிமிஷம் 26.98 செகண்ட், அப்ப அது அஸ்காட்ல ரெக்கார்டு. ஆனா செகண்ட வெச்சு மட்டும் பழைய குதிரையையும் புது குதிரையையும் எடை போடாதீங்க, நம்மூரு ஆளுங்க எல்லாரும் பண்ற தப்பு இது. நம்ம பக்கம் மாடு விடும் திருவிழால ஒவ்வொரு மாடா தனியா அவுத்து வுடறாங்க, யாரு கம்மி செகண்டோ அவங்களுக்கு பரிசு, அங்க அது சரி. குதிரை ரேஸ்ல தரை ஈரமா காய்ஞ்சுதா, எவ்ளோ எடை, முன்னாடி ஓடுனது மெதுவா போச்சா முறுக்குச்சா, எல்லாம் சேந்து தான் நேரம். என் அக்கா பையனுக்கு இத அணைக்கட்டு பக்கம் ஒரு மாடு விடும் விழால நிக்க வெச்சு சொன்னப்ப தான் புரிஞ்சுது.

அடுத்த வாரம் 1981 டெர்பி போடுங்க, ஷெர்கார். 10 லெங்த்ல ஜெயிச்சுது, ஓட்டுன வால்டர் ஸ்வின்பர்னுக்கு வயசு 19. ரெண்டாவதா வந்த ஜாக்கி தான் ஜெயிக்கப் போறோம்னே நெனைச்சாராம், அவ்ளோ தூரம் முன்னாடி போயிடுச்சு. இத ஒரு தடவ பாத்தா போதும்.

நம்ம நாட்டு குதிரைங்கள விட்டுடாதீங்க. ஸ்க்வாண்டரர் 19 தடவ ஓடி 18 தடவ ஜெயிச்சுது, 1977 இந்தியன் டெர்பி உள்பட. எலூசிவ் பிம்பர்னெல் 23ல 22. எனக்கு தேடி நல்ல வீடியோ கிடைக்கல, அதனால என்னா, பாத்தவங்க வூட்ல இருக்காங்க இல்ல. ஆனா "எந்தக் குதிரை ஜெயிச்சுது"ன்னு கேக்காதீங்க, பேரு ஞாபகம் வரலன்னா அவங்களுக்கு மனசு சங்கடமாயிடும், அப்புறம் வாயே தொறக்க மாட்டாங்க. எங்க நின்னீங்க, யாரு கூட வந்தாங்க, மழை பெஞ்சுதா, ரயில் டிக்கெட்டுக்குப் போக பாக்கெட்டுல எவ்ளோ காசு மிஞ்சுச்சுன்னு கேளுங்க. குதிரை பேரு பின்னாடியே வரும்.

வூட்ல பழைய ரேஸ் புக், அதாவது அன்னிக்கு ஓடுற குதிரைங்க பேரு போட்ட புக், இருந்தா மொதல்ல அத பத்திரப்படுத்துங்க. எங்க வூட்ல ஒரு டிரங்க் பொட்டி நிறைய இருந்துச்சு, வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்காரனுக்கு கிலோ கணக்குல போட்டுட்டோம், நான் தான் தூக்கிக் குடுத்தேன். ஒண்ணே ஒண்ணு தப்பிச்சுது. அதுல ஓரத்துல நைனா பென்சில்ல கிறுக்கி வெச்சிருக்காரு, ஒரு குதிரை பேருக்கு பக்கத்துல "காது நிக்குது"ன்னு. ரேஸுக்கு முன்னாடி பேடக்ங்கற இடத்துல சுத்தி நடக்க வுடும்போது குதிரை காத பாத்து மூடு கண்டுபுடிப்பாராம். இத அம்பது வருஷத்துல எங்க யாருக்கும் சொன்னதில்ல, புக்க கையில குடுத்ததும் சொன்னாரு.

பேச ஆரம்பிச்சாங்கன்னா போன்ல ரெக்கார்டர ஆன் பண்ணி மேசை மேல கவுத்து வெச்சுடுங்க, மூஞ்சிக்கு நேரா நீட்டாதீங்க. ஃபேன நிறுத்திடுங்க, பின்னாடி கேட்டா அந்த சத்தம் தான் பெருசா இருக்கும். தேதிய முதல்ல நீங்க வாயால சொல்லிடுங்க. போன வாரம் எங்க நைனா நாப்பது நிமிஷம் பேசுனாரு, நடுவுல எங்கம்மா வந்து "அன்னிக்கு நீங்க செருப்ப தொலைச்சுட்டு வெறுங்கால்ல வந்தீங்களே"ன்னு எடுத்துக் குடுத்தாங்க, அதையும் வெட்டாம அப்படியே வெச்சிருக்கேன்.