வளைகாப்புக்கு முன்பே பிரசவ ஆஸ்பத்திரியை முடிவு செய்வது எப்படி?

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது டெல்டாவில் எழுதாத சட்டம். ஆனால் எந்த ஆஸ்பத்திரி என்ற பேச்சு பல வீடுகளில் வலி கண்ட பிறகே வருகிறது. ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்த கையோடு, பழைய மருத்துவச் சீட்டுகளை வைத்துக்கொண்டு முடிவு செய்துவிடுங்கள்.

இது இரண்டாவது பிரசவமென்றால் பீரோவின் அடியில் கிடக்கும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். “கொடி சுத்திக்கிச்சு, ஆபரேஷன் பண்ணிட்டாங்க” என்று வீட்டில் சொல்வதை நம்பி உட்கார வேண்டாம்; சீட்டில் வேறு காரணம் இருக்கலாம். வயிற்றுத் தழும்பைப் பார்த்தும் எதையும் சொல்ல முடியாது, கர்ப்பப்பையில் எப்படி வெட்டினார்கள் என்பதுதான் முக்கியம். ‘எல்.எஸ்.சி.எஸ்.’ என்றிருந்தால் கீழ்ப்பகுதியில் குறுக்கே வெட்டியிருக்கிறார்கள். ‘கிளாசிக்கல்’ என்றிருந்தால் மேல்பகுதியில் நெடுக்கே. இந்தத் தையல் வலியின்போது பிரியும் ஆபத்து அதிகம். அதனால் வலி வரும் முன்பே தேதி குறித்து ஆபரேஷன் செய்வார்கள். பழைய தையல் இருப்பவர்கள் நஞ்சு (நஞ்சுக்கொடி) எங்கே ஒட்டியிருக்கிறது என்பதை ஸ்கேனில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தையல்மேலேயே ஒட்டியிருந்தால் அது பிரியாமல் ரத்தம் கொட்டலாம், சில நேரம் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரும்.

அடுத்து, முந்தைய பிரசவத்தில் எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், நஞ்சைக் கைவிட்டு எடுத்தார்களா என்று பாருங்கள். ஒருமுறை ரத்தப்போக்கு வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு கூடுதல். பிரஷர் ஏறி ஜன்னி (வலிப்பு) கண்டிருந்தால், ஐந்தாம் மாத ஸ்கேன் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இது மறுபடி வராமல் தடுக்கத் தரும் ஆஸ்பிரின் மாத்திரையை 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

மாமியார் பக்கத்தில் இருந்தால் சில கேள்விகளுக்குக் கர்ப்பிணியிடமிருந்து பதில் வராது. கலைந்த கரு, கல்யாணத்தின்போது மறைத்த வலிப்பு, இதெல்லாம் தனியாகக் கேட்க வேண்டியவை. “சின்ன வயசுல மூட்டுவலின்னு 21 நாளைக்கு ஒருதடவை ஊசி போட்டாங்களா?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால் இதய வால்வைப் பார்க்க எக்கோ எடுத்தாக வேண்டும். வலிப்பு மாத்திரையைக் கர்ப்பம் என்று தானாக நிறுத்துவதுதான் பெரிய தப்பு.

பழைய சிக்கல் ஏதுமில்லை, ஒற்றைக் குழந்தை, தலை கீழே, ஹீமோகுளோபின் 11-க்கு மேல், பிரஷர் 140/90-க்குக் கீழ் என்றால் ஆரம்ப சுகாதார நிலையமே போதும். முன்பு சிசேரியன் ஆனவர்கள், இரட்டைக் குழந்தை, இன்சுலின் போடுபவர்கள், முன்பு ரத்தப்போக்கு கண்டவர்கள் எல்லாம் ராத்திரியிலும் ஆபரேஷனும் ரத்தமும் கிடைக்கும் சீமாங் சென்டருக்குப் போக வேண்டும். இதய நோய், தையல்மேல் நஞ்சு என்றால் தஞ்சாவூர் ராசா மிராசுதார், திருவாரூர் மெடிக்கல் காலேஜ் மாதிரி பெரிய இடம்தான். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருந்தால் மற்றவர் தாங்கும் அரை லிட்டர் இழப்பைக்கூட உடம்பு தாங்காது. பிரசவம் வரை தள்ளிப்போடாமல் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி ஹீமோகுளோபினை ஏற்றிவிட வேண்டும்.

பிறகு தூரத்தைப் பாருங்கள், கிலோமீட்டரில் அல்ல, நேரத்தில். பிரசவத்துக்குப் பின் கொட்டும் ரத்தம் 2 மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ, தண்ணீர் சூழ்ந்த கொள்ளிடக்கரைத் திட்டிலிருந்தோ 108 வந்து திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? வழியில் ரயில்வே கேட் இருக்கிறதா? ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், தாய்வீடு கோபித்துக்கொண்டாலும், 37-வது வாரத்திலேயே ஆஸ்பத்திரி ஊரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள்.

ரத்தம் நெகட்டிவ் குரூப் என்றால், தாயின் ரத்தம் குழந்தையின் ரத்தத்தைத் தாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி பற்றி 28-வது வாரத்தில் கேளுங்கள். குழந்தை பாசிட்டிவாக இருந்தால் பிறந்து 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. அதே குரூப்பில் இரண்டு பேரின் போன் நம்பரைத் தாய் சேய் அட்டையின் பின்பக்கம் எழுதி, அவர்கள் ஊரில் இருக்கிறார்களா என்று ஒன்பதாம் மாதத்தில் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.