திருப்பூருக்கு பஸ் ஏறுறதுக்கு முன்னாடி: கடைமடைக்காரங்களுக்கு

நாகை மாவட்டம் தலைஞாயிறு பக்கத்துலேர்ந்து, காவிரித் தண்ணி கடைசியா வந்து சேருற கடைமடையிலேர்ந்து எழுதுறேன். 2018 நவம்பர் 16, கஜா புயல் அடிச்சுட்டுப் போன பிறகு என் மூத்த மகன் திருப்பூருக்குப் போனான். இப்ப யாரு கிளம்பினாலும் என்கிட்ட வந்து கேட்டுட்டுத்தான் போறாங்க.

முதல்ல வயலைப் பாருங்க. மேட்டூர் அணைய ஜூன் 12-ல திறந்தாலும் எங்க வாய்க்காலுக்குத் தண்ணி கடைசியாத்தான் வரும். அது வராத வருசம் வடிகால் வழியா கடல் தண்ணி மேல ஏறும். சித்திரையில வரப்போரம் வெள்ளையா பூத்து, போர்த்தண்ணி கரிச்சா உப்பு ஏறிடுச்சுன்னு அர்த்தம். மழைத்தண்ணியக் கட்டி வடிச்சு, தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுதா நிலம் தேறும். ஆனா ஒரு சாகுபடிப் பட்டத்துல ஆகுற வேலை இல்ல. அதுவரைக்கும் அடுப்பெரிய ஒரு ஆள் வெளிய போனா போதும், வீட்டையே பூட்டிட்டுப் போக வேணாம்.

ரேஷன் கார்டை மட்டும் அங்க மாத்திடாதீங்க. 2020 அக்டோபர்லேர்ந்து தமிழ்நாட்டுல எந்தக் கடையிலயும் கைரேகை வச்சு வாங்கிக்கலாம். ஆனா நிவாரணம் வந்தா கார்டு எந்த ஊர்ல இருக்குன்னுதான் பார்ப்பாங்க. 2022 நவம்பர்ல சீர்காழியில ஒரே நாள்ல 44 செ.மீ. கொட்டுச்சே, அப்ப சீர்காழி, தரங்கம்பாடி தாலுகாவுல கார்டுக்கு 1,000 ரூபாய் குடுத்தாங்க. திருப்பூர் விலாசத்துல கார்டு இருந்தா அது கிடைக்குமா?

சம்பா நட்டுட்டுப் போறவங்க வி.ஏ.ஓ.கிட்ட அடங்கல் (எந்த நிலத்துல யாரு என்ன பயிர் வச்சிருக்காங்கன்ற கணக்கு) வாங்கி, பயிர்க் காப்பீடு கட்டிட்டுப் போங்க. கெடு வழக்கமா நவம்பர் நடுவுல முடியும். குத்தகைக்காரங்களுக்குத்தான் பெரும்பாடு. பாதிப் பேருக்கு குத்தகை எல்லாம் வாய்ப்பேச்சுத்தான், எழுத்துல எதுவும் இருக்காது. அடங்கல்ல உங்க பேரு ஏறணும்னா நிலத்துக்காரர் மூஞ்சியத் திருப்புவாரு. திருப்பட்டும், கேளுங்க.

புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போறதா இருந்தா டி.சி.க்காக நாளைக் கடத்தாதீங்க. டி.சி. வரலைன்னு பள்ளிக்கூடம் சேர்க்காம விடக்கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு.

பனியன் கம்பெனியில சேரும்போதே ஒன்றரை ஷிப்டுக்கு எவ்வளவு, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), பி.எஃப். பிடிப்பாங்களான்னு கேட்டுருங்க. மாசச் சம்பளம் 21,000 வரைக்கும் இ.எஸ்.ஐ. உண்டு. காண்ட்ராக்ட் ஆளுன்னு சொல்லி மழுப்புவாங்க, காண்ட்ராக்ட் ஆளுக்கும் உண்டு.

செங்கல் சூளைக்கு ஆள் பிடிக்கிறவன் முன்பணத்தோட வாசல்ல வந்து நிப்பான். வாங்காதீங்க, வாங்கினா அது கழியுற வரைக்கும் சூளைய விட்டு வர விடமாட்டாங்க. பஸ்ஸுக்குக் காசில்லைன்னா அக்கம்பக்கத்துல கைமாத்து கேளுங்க.