காய்ச்சல் தணிந்த பின் பிள்ளை தள்ளாடினால் செய்ய வேண்டியவை

சின்னம்மையோ சளிக்காய்ச்சலோ தணிந்த சில நாள்களில் பிள்ளை கள் குடித்தவனைப் போலத் தள்ளாடி நடந்தால், அது பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகும் சிறுமூளைத் தடுமாற்றம்தான். ஆயினும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். தள்ளாட்டத்துடன் கூடிக்கொண்டே போகும் தலைவலி, தொடர் வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பின்மண்டையின் குறுகிய குழிக்குள் இருக்கும் சிறுமூளை வீங்கும்போது, அதன் முன்புறத்தில் மூளைநீர் வடியும் வழி அடைபட்டு, மூச்சை நடத்தும் மூளைத்தண்டு நசுங்குகிறது. அதன் பிறகு சில மணி நேரத்திலேயே உயிர் போகக்கூடும்.

பிள்ளை தெளிவாக இருந்தால் மட்டும், கால்களைச் சேர்த்து நிற்கவும், உங்கள் விரலையும் தன் மூக்கையும் மாறி மாறித் தொடவும் சொல்லிப் பாருங்கள். பேச்சு குழறுகிறதா, கண்மணி துடிக்கிறதா என்பதையும் கவனித்து, எது எப்போது தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அபாய அறிகுறி தெரிந்தால் மலேசியாவின் அவசர எண்ணான 999-ஐ அழையுங்கள். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் செம்பனைக்கு நடுவே எல்லாச் சாலையும் ஒன்றுபோலத் தெரிவதால், ஒருவரை மோட்டார் சைக்கிளில் விளக்கோடு முச்சந்திக்கு அனுப்புவது நல்லது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சோறோ தண்ணீரோ ஆஸ்பிரினோ கொடுக்காதீர்கள். அம்மை கண்ட பிள்ளையை வாசல் தாண்ட விடக் கூடாது என்று பாட்டி தடுத்தால், வேப்பிலையைத் தலைமாட்டில் வைத்தே வண்டியில் ஏற்றிவிடலாம்; அதற்காக வாதாடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

அவசரப் பிரிவில் நம்மவர்கள் மலாயில் 'பெனிங்' (தலைச்சுற்றல்) என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள். அது சாதாரணத் தலைச்சுற்றலாகவே பதிவாகிவிடும். 'தெர்ஹூயோங்-ஹாயாங்' (தள்ளாடுகிறது) என்றும், எழுப்புவது கடினமாக இருந்தால் 'சூசா டிகெஜூட்' என்றும் தெளிவாகச் சொல்லி, அண்மையில் வந்த அம்மையையும் காய்ச்சலையும் குறிப்பிடுங்கள்.

முதல் சிடி ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம். எம்ஆர்ஐ-யில்தான் வீக்கம் தெளிவாகத் தெரியும். மூளையழுத்தம் கூடியிருக்கும் ஐயம் இருந்தால், படம் பார்க்காமல் முதுகில் நீர் எடுப்பது ஆபத்து என்பதால், மருத்துவர் அதைத் தள்ளிவைப்பதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம். ஸ்டீராய்டு மருந்தும், வீக்கம் குறைக்கும் மானிட்டாலும் கொடுப்பார்கள். அவை போதாதபோது தேங்கிய நீரைக் குழாய்வழி வெளியேற்றவோ, பின்மண்டை எலும்பைத் திறந்து இடம் கொடுக்கவோ நேரலாம். அதற்கு மூளை அறுவை வல்லுநர் வேண்டியிருப்பதால், பெரிய மருத்துவமனைக்கு மாற்றச் சொன்னால் உடனே சம்மதியுங்கள்.

பிழைத்து வந்த பிள்ளைக்கு நடையும் பேச்சும் திருந்த மாதங்கள் ஆகலாம். உடற்பயிற்சி சிகிச்சைக்கான தேதிகளைத் தவறவிடாதீர்கள்.